நான் போலி என்று எழுதிய டிஸ்க்குகளைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்கு

முதலில் நான் கண்டது அந்த ஓட்டையைத்தான். வெசாக்குக்கு முந்தைய வியாழக்கிழமை, காலை எட்டு இருபது. எனக்கு முன்பு டிஸ்க் விற்ற ஜெரோம் அங்கிளின் போன் ஸ்டேட்டஸில் ஒரு படம். சிவப்பு நைலோன் நூலில் ஒரு சீடி தொங்குகிறது. நூல் நடுவிலிருந்த பெரிய துளையில் கட்டியிருக்கவில்லை. ஓரத்தில் யாரோ புதிதாகத் துளைத்த சின்ன ஓட்டை ஒன்றில் கட்டியிருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தார்: "மிச்சம் எல்லாம் இன்னைக்கு பன்னெண்டு மணிக்கு வெசாக் கூட்டுக்குப் போகுது. பாட்டு கேட்டது போதும்." வெசாக் கூடு என்றால் புத்தர் பண்டிகைக்குத் தெருவில் வைக்கிற பெரிய அலங்கார விளக்குக் கூடு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிஸ்க்கின் முகத்தில் பிறை மாதிரி ஒரு கீறல் இருந்தது. அந்தக் கீறல் எனக்குத் தெரியும். பெப்ரவரியில் நான் வாங்கி, போலி என்று சொல்லித் திருப்பி அனுப்பிய அதே டிஸ்க்.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஓஎல் சோதனை எழுதாமலே பள்ளிக்கூடம் நின்றவள். வீட்டிலிருந்து ஒரு துணிக்கடைக்குச் சாறி ஃபோல்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். அடிக்கும்போது ரொக்கும் மெட்டலும் கேட்பேன். எந்த அல்பத்தை நன்றாகப் பதிந்திருக்கிறார்கள், அதில் எந்தக் காலத்து டிஸ்க்கை வாங்கலாம் என்று மூன்று வருடமாக இங்கே எழுதிவருகிறேன். நல்ல பதிவு என்று நான் சொல்வது சத்தமாக இருப்பதை அல்ல. ட்ரம் அடித்த அறை எவ்வளவு பெரியது என்று தெரியவேண்டும். பேஸ் கிற்றார் கிக் ட்ரம்முக்குள் புதைந்துபோகாமல் தனியாக நடக்கவேண்டும். சிம்பல் அடித்தபின் அது ஓய்கிற வரைக்கும் கேட்கவேண்டும். பிற்காலத்து மறுபதிப்புகள் பலவற்றில் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் பழைய டிஸ்க்குகளைத் தேடுகிறோம். பாண்டுகளின் பெயரைப் போடமாட்டேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். போட்ட அடுத்த கிழமையே விலை ஏறிவிடுகிறது.

ஜெரோம் அங்கிள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். யொக்கோஹாமாவில் கப்பல் நிற்கும்போதெல்லாம் பழைய சீடிக் கடைகளில் வாங்கிச் சேர்த்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் நான் வாங்கிய ஹெவி மெட்டல் டிஸ்க் என் லப்டொப்பில் கத்தியது. சிம்பல் எல்லாம் தகரத்தைக் கல்லில் தேய்த்த மாதிரி. அதே அல்பத்தின் பிந்தைய பதிப்போடு வைத்துப் பார்த்தேன். உயர்ந்த ஒலிகள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. யாரோ வீட்டில் பதிந்த போலி என்று முடிவுகட்டி, "கொட்டாஞ்சேனை ஜப்பான் டிஸ்க்: வாங்காதீர்கள்" என்று ஒரு பதிவு போட்டேன். அவர் பெயரைப் போடவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் ஜப்பான் டிஸ்க் விற்கிறவர் எத்தனை பேர்? அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் காசைத் திருப்பி அனுப்பினார். எனக்கு அப்போது அது குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரித்தான் தெரிந்தது.

பிறகு, போன செவ்வாய்க்கிழமை, ஒரு வாசகர் அந்தப் பதிவின் கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லப்டொப்பிலா போட்டுக் கேட்டீர்கள்?"

அதன்பின்தான் தேடி வாசித்தேன். எண்பதுகளில் ஜப்பானில் தயாரித்த முதல் சீடிகள் சிலவற்றில் உயர்ந்த ஒலிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிந்திருக்கிறார்கள். அதற்கு ஓர் அடையாளமும் டிஸ்க்கில் இருக்கும். சீடி பிளேயர் அந்த அடையாளத்தைப் பார்த்து, தூக்கியதை அதே அளவு இறக்கிவிடும். அப்படிச் செய்தால் இரைச்சல் குறையும் என்று செய்தார்களாம். என் லப்டொப் அந்த அடையாளத்தைக் கவனிப்பதே இல்லை. அதாவது அந்த டிஸ்க் போலி இல்லாமல் இருக்கலாம். முதல் பதிப்பின் நல்ல டிஸ்க்காகவும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்லமுடிந்தது, ஏனென்றால் டிஸ்க் என் கையில் இல்லை. இரண்டு நாளாக அவருக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஓட்டை விழுந்துவிட்டது.

எட்டு முப்பத்தைந்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். அவர் பார்க்கவில்லை. போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. உண்மையைச் சொன்னால், அவர் எடுக்காதது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. நான் போனில் கதைக்கிற ஆள் இல்லை. நேரிலும் இல்லை. கடைக்குப் போனாலும் அம்மா கேட்பா, நான் பக்கத்தில் நிற்பேன். தனியாகப் பம்பலப்பிட்டிக்கு அப்பால் போனதே இல்லை.

பழைய கையடக்க சீடி பிளேயர் ஒன்று என்னிடம் இருக்கிறது, மூடி உடைந்து றப்பர் பட்டி போட்டது. அதையும், நாலு பற்றரியும், வயர் ஹெட்போனையும் பையில் போட்டேன்.

"எங்க போறாய்?" அம்மா கேட்டா.

"கொட்டாஞ்சேனைக்கு."

"ஆரோட?"

"தனிய."

அம்மா கையில் இருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "ஒரு பாண் வாங்கக் கடைக்குப் போகச் சொன்னா வாய் திறக்கமாட்டாய். கொட்டாஞ்சேனைக்குப் போய் ஆரோட கதைக்கப் போறாய்?"

"ஒருத்தரைப் பற்றிப் பிழையா எழுதிட்டன், அம்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டா. ஆயிரம் ரூபாய் தந்தா. இறங்கினதும் கோல் எடுக்கச் சொன்னா.

காலி வீதியில் 102 பஸ்ஸுக்கு நின்றேன். கொட்டாஞ்சேனைக்கு மாறாமல் போகலாம் என்பதால் அதுதான் வசதி. மற்ற எல்லாம் கோட்டையோடு, புறக்கோட்டையோடு நின்றுவிடும். பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் என்பார்கள். எனக்கு வந்தது இருபத்தைந்து நிமிடத்தில், ஒன்பது இருபதுக்கு. கொண்டக்டர் சிங்களத்தில் "கொஹெத?" என்று கேட்டார். எங்கே என்று கேட்கிறார். என் வாயிலிருந்து வந்தது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்கவில்லை. மூன்றாம் முறை பக்கத்திலிருந்த பெண் "கொட்டஹேன" என்று எனக்காகச் சொன்னா. நூறு ரூபாய் கொடுத்தேன். மிச்சம் பிறகு என்று சைகை காட்டிப் போனவர் பிறகு வரவே இல்லை. கேட்கவேண்டும் என்று கொள்ளுப்பிட்டி வரைக்கும் மனதுக்குள் வசனம் அமைத்துக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். நீங்கள் போவதாக இருந்தால் சில்லறை கொண்டுபோங்கள்.

தூரம் பன்னிரண்டு கிலோமீற்றருக்குக் கிட்ட. வழமையாக ஐம்பது நிமிடம், நெரிசல் என்றால் ஒன்றேகால் மணி என்று கணக்கு வைத்திருந்தேன். வெசாக் வாரம் என்பதை மறந்துவிட்டேன். கொள்ளுப்பிட்டியில் மூங்கில் ஏற்றிய லொறி ஒன்று பாதையை அடைத்து நின்றது. அங்கேயே இருபது நிமிடம். பஸ்ஸில் ஒரு இந்திப் பாட்டு தகர ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது. கடல் பக்கத்திலிருந்து சூடான காற்று வந்தது. பத்து முப்பத்தைந்துக்குப் புறக்கோட்டை. அங்கே ட்ரைவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

பத்து நிமிடம் பொறுத்தேன். பஸ் நிரம்பினால்தான் எடுப்பார்கள் என்று பக்கத்துப் பெண் சொன்னா. இன்னும் பாதி காலி. பன்னிரண்டு மணிக்கு மிச்ச டிஸ்க் எல்லாம் போய்விடும். நான் இறங்கினேன். ஓட்டோக்காரர் ஒருவரிடம் போனில் எழுதிக் காட்டினேன், "கொட்டாஞ்சேனை, லூசியாள் கோயில் பக்கம்" என்று. அவர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏன் தங்கச்சி, வாய்க்கு லீவா?" என்றார். முந்நூற்றைம்பது கேட்டார். கொடுத்தேன். போன் ஆப்பில் எடுத்திருந்தால் இருநூற்றைம்பதோடு முடிந்திருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவர் கெட்டிக்காரர், சந்துகளுக்குள்ளால் புகுந்து பதினொன்றேகாலுக்குக் கொண்டுபோய் விட்டார்.

பெப்ரவரியில் டிஸ்க் வந்த கூரியர்த் துண்டில் விலாசம் இருந்தது. வீட்டைக் கண்டுபிடித்தது பதினொன்று இருபத்தெட்டுக்கு. ஒடுக்கமான ஒழுங்கை, இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக வீடுகள். பச்சைக் கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்றேன். பையில் கை வைத்து பிளேயர் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு, தட்டினேன்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி, பிலோமினா அன்ரி. மாவு கையோடு நின்றா.

"ஜெரோம் அங்கிளைப் பார்க்க வந்தனான். வெள்ளவத்தையில இருந்து."

"என்ன விஷயமா, மகள்?"

"டிஸ்க் விஷயமா. போலி எண்டு... எழுதினது நான்."

அவ என்னை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தா. பிறகு வீட்டுக்குள் திரும்பிச் சத்தம் போட்டா. "இங்க வந்து பாருங்க! நீங்க யாரோ மீசக்காரன்னு நெனச்சிட்டு இருந்தீங்களே, இந்த ஊசி மாதிரிப் புள்ளதான் ஒங்கள ஊருக்கே போலின்னு சொன்னது!"

ஜெரோம் அங்கிள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். முதுகில் பட்டி கட்டியிருந்தார், மெதுவாகத்தான் நடந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்து வந்தேன். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வாங்க," என்றார். "உக்காருங்க. காசு வரல்லியா?"

"காசு வந்தது அங்கிள். அந்த டிஸ்க்... அது போலி இல்லையெண்டு நினைக்கிறன். என்ர லப்டொப்தான் பிழை." பஸ்ஸில் மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. பாதி பாதியாகச் சொன்னேன். தூக்கிப் பதிந்தது, அடையாளம், பிளேயர் இறக்குவது.

அவர் எனக்கு எதிரே மெதுவாக உட்கார்ந்தார். "நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

"போட்டுக் கேட்டாத்தான் தெரியும். பிளேயர் கொண்டு வந்தனான்."

"டிஸ்க் பெட்டி இங்க இல்லியே, புள்ள. காலைலயே எதிர் வீட்டு சுனில் தூக்கிட்டுப் போயிட்டார். அவர் கராஜ்ல வெசாக் கூடு கட்டுறாங்க. பன்னெண்டுக்கு லொறியில ஏத்துறாங்க."

எதிர்ப்பக்கத்திலிருந்து ட்ரில் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் அது என்ன சத்தம் என்று நான் யோசிக்கவே இல்லை.

எழுந்தேன். அவரும் எழுந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு. கராஜில் ஆளுயரத்துக்கும் மேலான எட்டு மூலைக் கூடு ஒன்று மூங்கிலில் நின்றது. பாதி பக்கங்களில் சீடிகள் தொங்கி, வெயில் பட்டுச் சுவரெல்லாம் வெளிச்சம் ஓடியது. சுனில் அய்யே தரையில் சம்மணம் கட்டி இருந்து, பலகையில் ஒரு டிஸ்க்கை வைத்து ட்ரில்லை அமத்திக்கொண்டிருந்தார்.

"அய்யே!" அண்ணா என்று சிங்களத்தில் கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் கடைசியாக எப்போது கத்தினேன் என்று தெரியாது. ட்ரில் நின்றது. துணிக்கடையில் கேட்டுப் பழகிய சிங்களத்தில், இவை நல்ல டிஸ்க் என்று சொன்னேன். "மேவா ஹொந்தய், அய்யே."

"ஹொந்த நிசா தமய் கத்தே, நங்கி," என்றார் சுனில் சிரித்துக்கொண்டு. "திலிசெனவா." நல்லது என்றபடியால்தான் எடுத்தாராம். நன்றாக மினுங்குகிறதாம்.

தொங்கிக்கொண்டிருந்தவற்றுக்குள் பிறைக் கீறல் டிஸ்க்கைக் கண்டுபிடித்தேன். நூலை அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை, சுனில் பல்லால் கடித்து அறுத்துத் தந்தார். ஓட்டையைச் சுற்றி வெடிப்பு இல்லை. இருந்தாலும் சுற்றும்போது தெறித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பிளேயரில் வைத்து, மூடி, றப்பர் பட்டியைப் போட்டேன். சுற்றியது. நின்றது. திரையில் டிஸ்க் இல்லை என்று காட்டியது.

"அவ்வளவுதான் போல," ஜெரோம் அங்கிள் சொன்னார்.

திறந்து, என் சட்டை நுனியால் துடைத்து, மறுபடி வைத்தேன். சுற்றியது. நீளமாகச் சுற்றியது. ஒன்பது பாட்டு, முப்பத்தெட்டு நிமிடம் என்று காட்டியது.

ஹெட்போனைப் போட்டேன். முதல் பாட்டு ஒரு சிம்பலோடு தொடங்கும். பெப்ரவரியில் அது தகரமாகக் கேட்டது. இப்போது அடி விழுந்தது, பிறகு வெண்கலம் மெல்ல ஓய்ந்துகொண்டே போனது, அது முழுதாக அடங்கும் முன்னால் கிற்றார் வந்தது. இரண்டு கிற்றாரும் இரண்டு பக்கம். பாடுகிறவர் மூச்சு எடுப்பது நடுவில். ட்ரம்முக்குப் பின்னால் ஒரு பெரிய அறை. நான் கேட்ட பதிவுகளில் இதுதான் மிக நல்லது என்று எழுதவேண்டியிருந்த டிஸ்க்கை, வாங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேன்.

ஹெட்போனைக் கழற்றி ஜெரோம் அங்கிளிடம் கொடுத்தேன். அவர் காதில் வைத்து, நின்றபடியே ஒரு பாட்டு முழுதும் கேட்டார். பிலோமினா அன்ரி மாவு கையோடு வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தா.

"எனக்கு எப்பவும் இப்பிடித்தான் கேட்டிச்சு," என்றார் அவர், ஹெட்போனோடு இருந்தபடியால் கொஞ்சம் சத்தமாக. "நீங்க எழுதினத வாசிச்சுட்டு என் காதுதான் போயிட்டுன்னு நெனச்சேன். இருவது வருஷம் எஞ்சின் ரூம்ல நின்ன காது. இந்தச் சின்னப் புள்ளங்களுக்குக் கேக்கிறது எனக்குக் கேக்கல்ல போலன்னு. பிளேயரையும் வித்துட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பொய்க்காரி என்று நினைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை நம்பியிருக்கிறார்.

பதினொன்று ஐம்பது. சுனில் கடிகாரத்தைக் காட்டினார். கூட்டுக்கு மினுங்கல் வேண்டும், லொறி வருகிறது, இவற்றைத் தந்தால் அவர் எதைத் தொங்கவிடுவது? அது நியாயமான கேள்வி. அப்போது பிலோமினா அன்ரிதான் சொன்னா, "அலமாரி மேல பழைய படம் விசிடி ஒரு மூட்டை இருக்கே! ஒங்க தங்கச்சி கல்யாணக் கசெட்டும் சீடில போட்டுக் குடுத்தாங்க, பத்து கொப்பி. அதெல்லாம் யாரு பாக்குறா?"

"ஏய், கல்யாணம்டி!"

"மாப்பிள்ளையே பாக்கல்ல. குடுங்க."

இரண்டு பை நிறையக் கொண்டுவந்தா. சுனில் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். மினுங்கியது. அவருக்கு அது போதும். சுனில் ஏணியில் ஏறி இறங்க, நாங்கள் மூன்று பேரும் கீழே நின்று எடுத்துக் கொடுத்து மாற்றினோம். மொத்தம் நாற்பத்துமூன்று டிஸ்க் பெட்டிக்குத் திரும்பியது. பதினொன்றில் ஓட்டை விழுந்திருந்தது. லொறி பன்னிரண்டு இருபதுக்கு வந்தது.

ஓட்டை விழுந்தவற்றில் நான்கை அங்கேயே சோதித்தேன். சீடியில் பாட்டு உள்ளேயிருந்து வெளியே போகும். நாற்பது நிமிட அல்பம் என்றால் ஓரம் வெறுமைதான். சுனில் அய்யே ஓரத்தோடு ஒட்டித் துளைத்திருந்தபடியால் மூன்று டிஸ்க் கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடின. அறுபத்தாறு நிமிட அல்பம் ஒன்று மட்டும் கடைசிப் பாட்டில் திக்கித் திக்கி நின்றது.

தேத்தண்ணி குடிக்கும்போது பதிவைத் திருத்துகிறேன் என்று சொன்னேன். ஜெரோம் அங்கிள் தலையாட்டினார்.

"எழுதுங்க. மத்த ஆக்களுக்கு அது போதும். நெல்சனுக்கு எழுதி வேலையில்ல."

"ஆர் நெல்சன்?"

அன்ரிதான் பதில் சொன்னா. "இவரோட பதினோரு வருஷம் ஒரே கப்பல்ல இருந்தவர். இப்ப வத்தளைல. எங்க மகனுக்கு ஞானத்தகப்பன். இவர்கிட்ட ஆறு டிஸ்க் வாங்கினார். ஒங்கட எழுத்தப் பாத்துட்டு ஆறையும் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டு, ஒரு வார்த்த பேசாமப் போனார். பெரிய வியாழனுக்கும் வரல்ல. ஈஸ்டருக்கும் வரல்ல."

"விடு," என்றார் அங்கிள்.

"எடுங்க போன. இந்தப் புள்ளயே சொல்லட்டும்."

அவர் மனமில்லாமல் எடுத்தார். அந்தப் பக்கம் எடுத்ததும் போனை என் கையில் வைத்தார். "ஹலோ," என்றேன். "நான்... அந்த டிஸ்க்..." அந்தப் பக்கத்துக் குரல் அமைதியாகத்தான் சொன்னது. "ஜெரோம்கிட்ட சொல்லுங்க, வாடகைக்கு ஆள் புடிச்சு பேச வைக்க வேணாம்னு." போன் வைக்கப்பட்டது.

அங்கிள் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "பரவால்ல, மகள். நீங்க வந்ததே போதும்."

போதாது என்று எனக்குத் தெரியும். பிறைக் கீறல் டிஸ்க்கையும், நெல்சன் அங்கிள் வாசலில் வைத்துவிட்டுப்போன ஆறையும் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்தேன். விலாசத்தை அன்ரி ஒரு பால்மா மட்டையில் எழுதித் தந்தா.

இந்த வழியில் போக இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெரோம் அங்கிளிடம் இப்போதும் டிஸ்க் இருக்கிறது. பின்னேரங்களில் போங்கள், காலையில் அநேகமாக முதுகுக்கு வைத்தியம் பார்க்கப் போய்விடுவார். ஓட்டை உள்ளதைக் குறைந்த விலைக்குத் தருகிறார். அல்பத்தின் நீளம் நாற்பத்தைந்து நிமிடத்துக்குக் குறைவென்றால் பயப்படாமல் வாங்குங்கள். கையடக்க பிளேயர் ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். அவரிடம் இப்போது பிளேயர் இல்லை, அது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். லப்டொப்பில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். சிம்பல் மிகக் கூர்மையாகக் கேட்டால் முதலில் உங்கள் கருவியைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் டிஸ்க்கை, மனிதரைக் கடைசியாக. எனக்கு அந்த வரிசை தலைகீழாக இருந்தது. நான் எழுதியதை ஒரு வீடு முழுதும் வாசித்திருக்கிறது என்று அன்றைக்குவரை எனக்குத் தோன்றியதே இல்லை. பெப்ரவரிப் பதிவை அழிக்கவில்லை. அதன் மேலேயே, அது பிழை என்றும், பிழை என்னுடையது என்றும் எழுதியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வத்தளைக்கு நேர் பஸ் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். இங்குருக்கடைச் சந்திவரை ஓட்டோ, இருநூறு ரூபாய். இம்முறை வாயால் சொன்னேன், பேரமும் பேசினேன். அங்கே நீர்கொழும்பு வீதியால் போகிற எந்த பஸ்ஸும் சரி, நாற்பது ரூபாய், நெரிசல் இல்லையென்றால் இருபது நிமிடம். களனி ஆற்றுப் பாலம் தாண்டும்போது அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். "இறங்கிட்டியோ?" என்று கேட்டா. இன்னும் இல்லை, வத்தளைக்குப் போகிறேன் என்றேன். "வத்தளையில ஆர்?" என்றா. இன்னும் தெரியாத ஒருவர் என்றேன்.

ஒன்று ஐம்பதுக்கு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். இரும்பு கேற். மணியை அமத்தினேன். சறம் கட்டிய ஒருவர் சாப்பிட்ட கையோடு வந்து, கேற்றைத் திறக்காமல் நின்றார்.

"யாரு?"

நான் என் பெயரைச் சொன்னேன். பிறகு, "போனில கதைச்சது நான்தான்," என்றேன். "அந்த டிஸ்க் போலி எண்டு எழுதினதும் நான்தான்." அவர் திரும்பிப் போவதற்குள் பிளேயரில் பிறைக் கீறல் டிஸ்க்கை ஓடவிட்டு, ஹெட்போனைக் கேற் கம்பிகளுக்கு இடையால் நீட்டினேன்.